ஊட்டச்சத்துப் பாடம்: அட்டவணை மனப்பாடத்தைத் தாண்டி நடத்த வழி உண்டா?

கரும்பலகை:

வணக்கம். எட்டாம் வகுப்புக்கு உணவும் ஊட்டச்சத்தும் நடத்த வேண்டும். 40 நிமிடப் பாடவேளை ஆறு, பிள்ளைகள் 36 பேர். ஆய்வகம் இருக்கிறது. ஆனால் சோதனைக்குழாய் 12தான், சாராய விளக்கு இரண்டு.

பாடநூல் அட்டவணையோடுதான் தொடங்குகிறது: சத்து, அது கிடைக்கும் உணவு, குறைந்தால் வரும் நோய். 'வைட்டமின் ஏ, மாலைக்கண்' என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் "ரொட்டியில் என்னென்ன இருக்கு?" என்றால் "கார்போஹைட்ரேட்" என்பதோடு முடிந்தது. "முட்டை?" "புரதம்." அதற்கு மேல் ஒரு சொல் வராது.

எனக்குத் தெரிய வேண்டியவை:

1. 12 குழாயை வைத்து 36 பேருக்கு எந்தெந்தச் சோதனை செய்யலாம்? அளவு என்ன? சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் சோதனை பல சமயம் பச்சையிலேயே நின்றுவிடுகிறதே, ஏன்?
2. பொட்டல உறையைப் படிக்கக் கற்றுக்கொடுக்க உருப்படியான கணக்கு ஏதாவது?
3. ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லோரும் குறிப்பேட்டில் எழுதி வரச் சொல்லலாமா?
4. தேர்வில் என்ன கேட்பது?

ஆய்வகச்சாவி:

முதல் கேள்விக்கு மட்டும் என் பதில். நான்கு சோதனையில் இரண்டுக்குக் குழாயே வேண்டாம். அதனால் 12 போதும்.

மாவுச்சத்து: வெள்ளைப் பீங்கான் ஓட்டில் உணவுத் துண்டை வைத்து இரண்டு துளி அயோடின். கருநீலம் வந்தால் உண்டு. காகிதத்தின் மேல் வைத்துச் செய்யாதீர்கள். பல காகிதங்களில் மாவுப்பசை சேர்ந்திருப்பதால் காகிதமே கறுத்துவிடும், உப்பும் சர்க்கரையும்கூட மாவுச்சத்து என்று பிள்ளைகள் எழுதிவைப்பார்கள். அயோடின் அடர்த்தியாக இருந்தால் பழுப்புக்கும் கருநீலத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பால் கலக்காத இளந்தேநீர் நிறம் வரும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். மருந்துக்கடை டிங்சர் அயோடினே போதும். வெந்த உணவு சூடாக இருந்தால் நிறம் வராது. மாவுச்சத்து (ஸ்டார்ச்) மூலக்கூறின் சுருளுக்குள் அயோடின் போய் உட்காருவதால்தான் நீலம். சூட்டில் அந்தச் சுருள் தளர்ந்துவிடும். ஆறவைத்தால் நிறம் திரும்பும். இதையே தனியாக ஒரு குழாயில் சூடாக்கிக் காட்டலாம், மறைந்து திரும்பும் நீலத்தைப் பார்க்க வகுப்பே எழுந்து நிற்கும். எலுமிச்சைச் சாறு கலந்த உணவை இந்தச் சோதனைக்கு எடுக்காதீர்கள். அதன் வைட்டமின் சி அயோடினை நிறமற்றதாக்கிவிடும். ஸ்டார்ச் இருந்தாலும் 'இல்லை' என்று காட்டும்.

இதிலேயே ஒரு நல்ல ஒப்பீடு: காய்வெட்டான வாழைப்பழத் துண்டு, நன்றாகக் கனிந்து தோல் கறுத்த துண்டு. முதலாவது முழுக்கக் கறுக்கும், இரண்டாவது அங்கங்கே மட்டும். ஸ்டார்ச் சர்க்கரையாக மாறியிருக்கிறது. 'ஒரு உணவு, ஒரு சத்து' என்ற எண்ணத்தை உடைக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

கொழுப்பு: பழுப்புக் காகிதத்தில் ஒரு ரூபாய் நாணய அளவு வட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு உணவைத் தேய்க்கவும். ஒரு வட்டத்தில் வெறும் தண்ணீர். பத்து நிமிடம் காயவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், தண்ணீர் வட்டம் மறைந்திருக்கும், எண்ணெய் வட்டம் ஒளியை ஊடுருவ விடும். அந்தத் தண்ணீர் வட்டம் இல்லாமல் செய்தால், ஈரமான எல்லாவற்றிலும் கொழுப்பு இருக்கிறது என்றே முடிவு வரும்.

புரதம் (பையூரெட்): 2 மி.லி. மாதிரி, 2 மி.லி. 4 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடு, அதன்மேல் 1 சதவீத காப்பர் சல்பேட் மூன்று நான்கு துளி. மெதுவாக ஆட்டினால் ஊதா வரும். சூடாக்க வேண்டாம். இங்கே பெரும்பாலும் கெடுவது காப்பர் சல்பேட்டைத் தாராளமாக ஊற்றுவதால்தான்: அதன் நீலம் ஊதாவை மூடிவிடும். முட்டை வெள்ளைக்கருவை நேராக ஊற்றினால் கொழகொழவென்று கலக்காது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்தால் தெளிவாகக் கரையும். ஹைட்ராக்சைடு கண்ணில் பட்டால் ஆபத்து. பாதுகாப்புக் கண்ணாடி இல்லையென்றால் இந்தச் சோதனையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களே செய்து காட்டுங்கள்.

சர்க்கரை (பெனடிக்ட்): 2 மி.லி. மாதிரி, 2 மி.லி. பெனடிக்ட் கரைசல். குழாயை நேராகத் தீயில் காட்டாமல், கொதிக்கும் தண்ணீருள்ள பீக்கரில் ஐந்து நிமிடம் நிறுத்தவும். தீயில் காட்டினால் திடீரென்று பொங்கி வெளியே தெறிக்கும். பச்சையில் நிற்பதற்கு மூன்று காரணம் பார்க்கலாம். ஒன்று, தண்ணீர் உண்மையில் கொதிக்கவில்லை. ஒரே பீக்கரில் எட்டுக் குழாயை இறக்கியதும் சூடு குறைந்துவிடும், நேரம் மட்டும் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு, சர்க்கரை குறைவு. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என்ற வரிசை சர்க்கரையின் அளவைத்தான் காட்டுகிறது. பச்சையும் 'உண்டு' என்ற விடைதான், தோல்வி அல்ல. மூன்று, நீங்கள் எடுத்தது சமையலறைச் சர்க்கரையாக இருக்கலாம். அது சுக்ரோஸ். பெனடிக்டோடு வினை புரியாமல் நீலமாகவே இருக்கும், கொஞ்சம் சிதைந்திருந்தால் லேசான பச்சை காட்டும். குளுக்கோஸ், தேன், திராட்சைச் சாறு, பால் எடுங்கள். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் 'சர்க்கரையில் சர்க்கரை இல்லை' என்று நாற்பது நிமிடமும் சண்டை நடக்கும். (நடக்கட்டும் என்று விடுவதும் ஒரு வழி. அடுத்த வகுப்பில் சுக்ரோஸைச் சில துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சூடாக்கி, சமையல் சோடாவால் நடுநிலையாக்கி, மறுபடி பெனடிக்ட் சேர்த்துக் காட்டலாம்.)

ஏற்பாடு: நால்வர் வீதம் ஒன்பது குழு. அயோடினும் காகிதமும் எல்லாக் குழுவும் தங்கள் மேசையிலேயே. பெனடிக்டுக்கு ஆறு குழாய், பையூரெட்டுக்கு ஆறு, இவை முன்மேசையில். ஒவ்வொரு ஆறிலும் ஒன்று வெறும் தண்ணீர், ஒன்று நிச்சயம் விடை தரும் மாதிரி (குளுக்கோஸ் / முட்டை வெள்ளை), மீதி நான்கு மாதிரியை எதுவென்று வகுப்பு தேர்ந்தெடுக்கட்டும். ஆய்வகத்துக்குள் வந்த உணவு எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. மீந்த பழமும்தான்.

தட்டும்தராசும்:

மூன்றாவது கேள்விக்கு: வேண்டாம்.

சொந்த உணவுக் குறிப்பேட்டை வகுப்பில் வைத்துப் படிப்பதில் இரண்டு ஆபத்து. காலையில் வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளை பொய் எழுதும். எழுதியது பொய் என்று பக்கத்துப் பெஞ்சுக்கும் தெரியும். இன்னொரு பக்கம், பதின்மூன்று வயதில் உடம்பைப் பற்றிய கூச்சம் உச்சத்தில் இருக்கும்; கலோரி எண்ணச் சொன்னால் சிலருக்கு அது பசியை அடக்கும் பழக்கத்துக்குப் பாதை போட்டுவிடும். அதே காரணத்துக்காக வகுப்பில் எடை பார்ப்பது, உடல் நிறை குறியீடு கணக்கிடுவது, மதிய உணவு டப்பாவைத் திறந்து கருத்துச் சொல்வது, மூன்றும் கூடாது. வீட்டில் சமைப்பதும் வாங்குவதும் அந்தப் பிள்ளை இல்லையே.

பதிலுக்குக் கற்பனை ஆட்கள் மூவரை உருவாக்குங்கள். பதினான்கு வயது ஓட்டப்பந்தய வீராங்கனை, இறைச்சியும் முட்டையும் தொடாத அலுவலக ஊழியர், பல் இல்லாத எழுபது வயதுப் பாட்டி. ஒவ்வொருவரும் ஒரு நாள் சாப்பிட்டதை அட்டையில் எழுதிக் கொடுத்து, 'இரண்டே இரண்டு மாற்றம் செய்யலாம், செலவு கூடக் கூடாது, அவருக்குப் பிடிக்காததைத் திணிக்கக் கூடாது' என்று சொல்லுங்கள். இந்த மூன்று கட்டுப்பாடும் இல்லாவிட்டால் எல்லாக் குழுவும் 'பழம், கீரை, பால் சேர்க்க வேண்டும்' என்று ஒரே விடையை எழுதித் தூக்கிக் கொடுத்துவிடும். பாட்டிக்கு முழு ஆப்பிளைக் கொடுக்கும் குழுவும் நிச்சயம் வரும், 'எப்படிக் கடிப்பார்?' என்று மற்ற குழுவே கேட்கட்டும்.

உங்கள் உண்மையான சிக்கல் வேறு. முட்டை என்றால் புரதம் என்று நிற்பதற்குக் காரணம், பாடநூல் உணவையும் சத்தையும் ஒன்றுக்கொன்று நேராகக் கோடு போட்டு இணைத்திருப்பது. உணவு என்பது பை, சத்து என்பது பைக்குள் இருக்கும் பல சாமான். முதல் பாடவேளையில் சத்து என்ற சொல்லே வேண்டாம். முப்பது உணவுப் பெயர் எழுதிய சீட்டுகளைக் கொடுத்து, 'உங்கள் இஷ்டப்படி பிரியுங்கள், ஏன் அப்படிப் பிரித்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்' என்றால் போதும். இனிப்பு, காரம் என்று ஒரு குழு. செடியிலிருந்து வந்தது, விலங்கிலிருந்து வந்தது என்று இன்னொன்று. இரண்டாவது, மூன்றாவது வேளையில் ஆய்வகச்சாவி சொன்ன சோதனைகள். ஒரே பாலுக்குப் பெனடிக்ட், பையூரெட், காகிதம் மூன்றும் 'உண்டு' என்று காட்டிய பிறகு பால் எந்தக் கட்டத்தில் அடங்கும் என்று கேளுங்கள். நான்காவது உறை, ஐந்தாவது கற்பனை ஆட்கள், ஆறாவது தேர்வு.

'நல்ல உணவு, கெட்ட உணவு' என்ற பிரிப்பும் வேண்டாம். 'எவ்வளவு, எத்தனை தடவை' என்று மட்டும் பேசுங்கள்.

உறைபடிப்பவன்:

உறைக்கு ஒரு முழுப் பாடவேளை கொடுங்கள், வீண்போகாது. பிள்ளைகளை வெற்று உறைகளைக் கொண்டுவரச் சொல்லலாம். ஆனால் முதல் பதினைந்து நிமிடம் எல்லோருக்கும் ஒரே எண் இருக்க வேண்டும். இந்தக் கற்பனை பிஸ்கட்டைப் பலகையில் எழுதுங்கள்.

100 கிராமில்: ஆற்றல் 480 கிலோகலோரி, கார்போஹைட்ரேட் 68 கிராம் (அதில் சர்க்கரை 25), கொழுப்பு 20, புரதம் 7, சோடியம் 320 மி.கி. பொட்டலம் 150 கிராம். ஒரு பரிமாறல் 25 கிராம்.

முதலில் ஆற்றலைச் சரிபார்க்கட்டும். கார்போஹைட்ரேட்டுக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கிலோகலோரி, கொழுப்புக்கு 9. 272 + 28 + 180 = 480. உறையிலுள்ள எண் வானத்திலிருந்து விழவில்லை என்பது அந்த நிமிடத்தில் புரியும். எடையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ள கொழுப்பு ஆற்றலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். (நிஜ உறையில் சில கிலோகலோரி முன்னே பின்னே இருக்கும், நார்ச்சத்துக்கு வேறு எண், முழு எண்ணாக்கல் போன்றவை காரணம்.)

அடுத்து, 'யார் 25 கிராமோடு நிறுத்துவார்?' பாதிப் பொட்டலம் என்றால் 75 கிராம். சர்க்கரை 18.75 கிராம். ஒரு தேக்கரண்டி சுமார் 4 கிராம். ஆக நாலே முக்கால் கரண்டி போல. வெற்றுக் கிண்ணத்தில் கரண்டியால் எண்ணிப் போட்டுக் காட்டுங்கள். 100 மி.லி.யில் 11 கிராம் சர்க்கரை உள்ள 330 மி.லி. பானத்துக்கு 36 கிராம், ஒன்பது கரண்டி. உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல், சேர்க்கப்பட்ட சர்க்கரையும் தேன், பழச்சாறு போன்றவற்றின் சர்க்கரையும் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும், 5 சதவீதத்துக்குக் கீழே போனால் இன்னும் நல்லது என்கிறது. 2,000 கிலோகலோரிக்கு அது 50 கிராமும் 25 கிராமும். முழுப் பழத்தில் உள்ள சர்க்கரையும் பாலின் லாக்டோஸும் இதில் சேராது.

உப்பு: சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பு. 320 மி.கி. சோடியம் என்பது 0.8 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவு என்பது அதே நிறுவனத்தின் அளவு. இனிப்பு பிஸ்கட்டில் உப்பா என்று யாராவது கேட்பார்கள்.

பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் இரண்டு. உட்பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைந்ததற்கு வரும் என்பது தெரிந்தாலும், சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், டெக்ஸ்ட்ரோஸ் என்று மூன்றாகப் பிரிந்து கிடந்தால் ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே இறங்கிவிடும். மூன்றையும் வட்டமிட்டுச் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, காய்ந்ததையும் ஈரமானதையும் 100 கிராமுக்கு ஒப்பிடுவது. பால்பவுடரில் புரதம் பாலைவிட ஏழெட்டு மடங்கு. ஆனால் யாரும் அதை அப்படியே ஒரு டம்ளர் தின்பதில்லை. தண்ணீர் போனதால் வந்த எண் அது.

கரும்பலகை:

மூவருக்கும் நன்றி. குறிப்பேட்டை விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு: உணவை எரித்து ஆற்றலை அளக்கும் சோதனையில் நிலக்கடலைதான் எல்லோரும் சொல்கிறார்கள், செய்யலாமா? வைட்டமின் சி-க்கு எளிய சோதனை உண்டா?

ஆய்வகச்சாவி:

நிலக்கடலை வேண்டாம். அலர்ஜி உள்ள ஒரு பிள்ளை போதும், கைவிரலில் ஒட்டிய தூளே சிக்கல். உருளைக்கிழங்கு சிப்ஸ் நன்றாக எரியும்.

குழாயில் 20 மி.லி. தண்ணீர், தாங்கியில் சாய்வாக. தொடக்க வெப்பநிலை குறிக்கவும். சிப்ஸை எடைபோட்டு, மரப்பிடி போட்ட ஊசியில் குத்தி, விளக்கில் பற்றவைத்து, உடனே குழாயின் அடிக்குக் கொண்டுபோகவும். அணைந்தால் மறுபடி பற்றவைக்கலாம். கடைசியில் மீந்த கரியையும் எடைபோட வேண்டும். கழிக்க மறந்தால் கணக்கு கெடும். அரை கிராம் எரிந்து 46 டிகிரி ஏறியது என்று வையுங்கள்: 20 × 4.2 × 46 = 3,864 ஜூல் (ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 ஜூல்). கிராமுக்கு 7.7 கிலோஜூல். உறையில் 100 கிராமுக்கு 540 கிலோகலோரி என்றிருந்தால் கிராமுக்கு 22.6 கிலோஜூல் வர வேண்டும் (ஒரு கிலோகலோரி சுமார் 4.18 கிலோஜூல்). மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்திருக்கிறது.

பல ஆசிரியர்கள் இங்கே 'சோதனைப் பிழை' என்று ஒரு வார்த்தையில் மூடிவிடுகிறார்கள். பாடமே அங்கேதான் தொடங்குகிறது. மீதி வெப்பம் எங்கே போனது? பக்கவாட்டுக் காற்றுக்கு, குழாயின் கண்ணாடிக்கு, விளக்கிலிருந்து குழாய்க்கு நகர்த்திய அந்த இரண்டு நொடிக்கு. குழாயடியில் படிந்த கரி எரியாமல் போன எரிபொருள். அலுமினியத் தாளை மறைப்பாகச் சுற்றி மறுபடி செய்து எத்தனை டிகிரி கூடுகிறது என்று பார்க்கட்டும்.

வைட்டமின் சி: 1 கிராம் ஸ்டார்ச்சை 100 மி.லி. தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடவும். அதில் 5 மி.லி., ஒரு துளி அயோடின், நீலம் வரும். இப்போது பழச்சாறைத் துளித்துளியாக விட்டு ஆட்டி, நீலம் மறையும் துளியை எண்ணவும். துளி குறைந்தால் வைட்டமின் அதிகம். இந்தத் தலைகீழ்க் கணக்கு பாதி வகுப்பைக் குழப்பும், முன்பே சொல்லிவிடுங்கள். 100 மி.கி. வைட்டமின் சி மாத்திரையை 100 மி.லி. தண்ணீரில் கரைத்து அளவுகோலாக வைக்கலாம். அது 6 துளி, சாறு 12 துளி என்றால் சாறில் மி.லி.க்கு அரை மி.கி. எல்லாவற்றுக்கும் ஒரே டிராப்பர். துளியின் பருமன் மாறினால் ஒப்பீடு செல்லாது.

'வேகவைத்தால் குறைகிறதா' என்று பார்க்கப் பழச்சாறைக் கொதிக்கவைப்பது தவறான தேர்வு. அமிலம் அந்த வைட்டமினைக் காக்கும். தண்ணீரும் ஆவியாகி அடர்த்தி கூடும். சில குழுக்களுக்குக் 'கொதித்த பின் அதிகம்' என்றே விடை வரும். நறுக்கிய முட்டைக்கோஸ் எடுங்கள். வேகவைத்து, காயைத் தனியாகவும் வடித்த தண்ணீரைத் தனியாகவும் சோதியுங்கள். ஆவியான அளவுக்குத் தண்ணீரைத் திரும்ப ஊற்றிவிட்டு எண்ணுங்கள். வைட்டமினில் நல்ல பங்கு வடிநீரில்தான் கிடைக்கும்.

பழையபாடம்:

குறைபாட்டு நோய் அட்டவணையை எல்லோரும் சேர்ந்து கிணற்றில் போட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே. அது கெட்டதல்ல, முதலில் வைத்ததுதான் கெட்டது. கடைசியில் வையுங்கள். அதற்கு முன்னால் 1747 ஆம் ஆண்டு 'சாலிஸ்பரி' கப்பலில் பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் செய்ததைப் புதிராகக் கொடுங்கள். ஸ்கர்வி (வைட்டமின் சி குறைவால் ஈறில் ரத்தம் கசியும் நோய்) கண்ட மாலுமிகள் 12 பேர், ஆறு ஜோடி. எல்லோருக்கும் ஒரே அடிப்படை உணவு. கூடுதலாக ஒரு ஜோடிக்கு ஆப்பிள் மது, ஒன்றுக்கு நீர்த்த கந்தக அமிலம், ஒன்றுக்கு வினிகர், ஒன்றுக்குக் கடல்நீர், ஒன்றுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும், ஒன்றுக்கு மசாலாக் களிம்போடு பார்லி நீர். முடிவைச் சொல்லாமல் நிறுத்தி, 'ஏன் அடிப்படை உணவு ஒன்றாக இருக்க வேண்டும்? ஜோடிக்கு இரண்டு பேர் போதுமா?' என்று கேளுங்கள். பழம் ஆறாவது நாளே தீர்ந்துவிட்டது. ஆனாலும் அந்த ஜோடிதான் தேறியது. லிண்ட் 1753இல் எழுதி வெளியிட்டார், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாறை எல்லோருக்கும் கொடுக்க ஆரம்பித்தது 1795இல். ஏன் இத்தனை ஆண்டு என்பதே ஒரு பாடவேளைக்குப் போதும். உணவில் ஒன்று இல்லாததால் நோய் வரும் என்ற கருத்தை அப்போது பெரும்பாலோர் ஏற்கவில்லை. லிண்டும் அப்படி முடிவு கட்டவில்லை. 'வைட்டமின்' என்ற சொல்லுக்கே 1912 வரை, உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

தேர்வுக்கு: 'வைட்டமின் சி குறைந்தால் வரும் நோய் எது' என்பது ஒரு மதிப்பெண், அதை விட்டுவைக்கலாம். மீதியை இப்படிக் கேளுங்கள். 'சூடான உருளைக்கிழங்கில் அயோடின் விட்டபோது நிறம் மாறவில்லை. ஸ்டார்ச் இல்லை என்று ஒரு மாணவன் எழுதினான். அவனிடம் என்ன செய்யச் சொல்வாய்?' 'இரண்டு உறைகள் கொடுக்கப்பட்டுள்ளன. எதில் உப்பு அதிகம், கணக்கோடு காட்டு.' 'பையூரெட்டில் ஊதா வந்தது. இந்த உணவில் புரதம் நிறைய உண்டு என்று சொல்லலாமா?' கடைசிக் கேள்விக்குச் சரியான விடை 'உண்டு என்று சொல்லலாம், எவ்வளவு என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது' என்பது. முழு மதிப்பெண் அதற்கு மட்டும். 'ஆம்' என்று எழுதினால் பாதிகூடக் கிடையாது என்று முன்பே அறிவித்துவிடுங்கள், விடைத்தாள் கொடுக்கும் நாளில் சண்டை மிச்சம்.